மூன்று மில்லிமீட்டர் சமஸ்தானம்

வீட்டில் கொத்து வேலை நடக்கும்போது குடும்பத் தலைவருக்கு இருக்கும் அதிகாரங்கள் இரண்டு. ஒன்று, பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் டீ வாங்கி வரலாம். இரண்டு, சனிக்கிழமை சாயங்காலம் கூலி கொடுக்கலாம். மற்ற இலாகாக்கள் எல்லாம் அவரைக் கேட்காமலே பங்கு போடப்பட்டிருக்கும். எங்கள் குளியலறைத் தரையைப் பெயர்த்துவிட்டுப் புது டைல்ஸ் போடுவது என்று ஆனபோதும் அப்படித்தான். எந்த டைல்ஸ் என்பதை மனைவி முடிவு செய்தாள். வழுக்காத ரகமாக இருக்க வேண்டும் என்பதை மாமியார் முடிவு செய்தார். தண்ணீர் எந்த மூலைக்கு ஓட வேண்டும் என்பதையும், தான் எந்தக் கிழமை வேலைக்கு வருவது என்பதையும் மேஸ்திரி முடிவு செய்தார். கடைசியாகப் பிளம்பர் வந்து, இவர்கள் முடிவு செய்த எதுவும் நடக்காது என்று முடிவு செய்துவிட்டுப் போனார்.

மிச்சம் இருந்தது இடைவெளி. ஒரு டைல்ஸுக்கும் அடுத்த டைல்ஸுக்கும் நடுவே விடுகிற சந்து. அதற்கு யாரும் விண்ணப்பிக்கவில்லை. நான் எடுத்துக்கொண்டேன்.

பட்டத்துக்கு வந்ததும் முதல் காரியமாக எல்லையை அளந்தேன். குளியலறை 6 அடிக்கு 4 அடி. டைல்ஸ் 300 மில்லிமீட்டர் சதுரம், நடுவில் 3 மில்லிமீட்டர் கேப். கணக்குப் போட்டுப் பார்த்தால் மொத்தத் தரையில் சந்துகளின் பங்கு 2 சதவீதம். எல்லாவற்றையும் கூட்டி ஓரமாக வைத்தால் பாதி டைல்ஸ் அளவுதான் தேறும். வீட்டுக் கடன் முழுக்க என் பெயரில் இருக்கிறது. என் ஆட்சி செல்லுபடியாகும் பரப்பு அரை சதுர அடி.

சிறிய நாடுதான், ஆனால் சாமானியமானது இல்லை. டைல்ஸைப் பாருங்கள். குஜராத்தில் மோர்பி பக்கத்துச் சூளையில் சுமார் 1200 டிகிரியில் வெந்து, அங்கிருந்து லாரியேறி வந்த ஆசாமி. அதற்கு இனி எதுவும் ஆகப்போவதில்லை. கறுப்பாவது, பாசி பிடிப்பது, பொடிப்பொடியாக உதிர்வது, சோப்பு நுரையைக் குடித்து நாறுவது எல்லாமே அந்த 2 சதவீதத்தில்தான். உருப்படியான 98 சதவீதத்தை மற்றவர்கள் எடுத்துக்கொண்டு, தகராறு உள்ள பகுதியை என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள். அலுவலகத்திலும் எனக்கு இப்படித்தான் நடக்கும்.

ஆட்சிக்கு வந்தவர்கள் முந்தைய ஆட்சியின் மீது விசாரணை வைப்பது மரபு. பழைய தரையின் சந்துகளை அடைத்திருந்த பூச்சு, அதாவது கிரவுட், எங்கே போயிற்று? பெயர்ப்பதற்கு முன்பே அங்கே பள்ளம்தான் இருந்தது. குற்றவாளி கழிப்பறை அலமாரியிலேயே இருந்தார்: பாட்டிலில் விற்கும் ஆசிட். எங்கள் வீட்டில் பண்டிகைக்கு முன்னால் ஆசிட் ஊற்றிக் கழுவுவது எண்ணெய்க் குளியலுக்கு அடுத்த சடங்கு. ஊற்றியதும் சந்துகளில் புஸ்ஸென்று நுரை கிளம்பும். "பாருங்க மாப்பிள்ளை, அழுக்கு எப்படிக் கழண்டு வருதுன்னு" என்று மாமியார் காட்டுவார். நானும் பரவசமாகப் பார்த்திருக்கிறேன்.

அது அழுக்கின் நுரை இல்லை. கிரவுட் என்பது பெரும்பாலும் சிமெண்ட். சிமெண்ட் என்பது பெரும்பாலும் கால்சியச் சேர்மங்கள். காற்றிலிருக்கும் கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு அதன் மேல்பகுதி கால்சியம் கார்பனேட்டாக மாறியிருக்கும். அதன்மேல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டால், இழுத்த வாயு திரும்ப வெளியே வருகிறது. கிளம்பிப் போவது கிரவுட்டேதான். பண்டிகைக்குப் பண்டிகை காசு கொடுத்து வாங்கி, மூக்கைப் பொத்திக்கொண்டு, சொந்தத் தரையைக் கரைத்துச் சாக்கடையில் விட்டிருக்கிறோம்.

இதை நான் சாப்பாட்டு வேளையில் விளக்கினேன்.

"நாப்பது வருஷமா ஊத்திட்டுதானே இருக்கோம்" என்றார் மாமியார்.

"அதனாலதான் அத்தை..." என்று ஆரம்பித்தேன். மனைவி ரசம் ஊற்றிக்கொண்டிருந்த கரண்டியை நிறுத்தினாள். நான் விசாரணைக் கமிஷனைக் கலைத்துவிட்டேன்.

அடுத்த சிக்கல், என் சமஸ்தானம் இருக்கவே வேண்டுமா என்பது. மேஸ்திரிக்கு அதில் சந்தேகம் இருந்தது. கேப் விடாமல் ஒட்டுவது அவருடைய தொழில் கௌரவம். "நான் ஒட்டினா நடுவுல நூல் நுழையாது சார். செட்டிநாட்டு வீடுங்க பாத்திருக்கீங்கள்ல? ஆத்தங்குடிக் கல்லு. எங்கயாவது கேப் தெரியுதா?"

நியாயமான கேள்வி. ஆத்தங்குடிக் கல் சூளையே காணாதது. கண்ணாடித் தகட்டின் மேல் சிமெண்டும் வண்ணமும் ஊற்றிக் கையால் செய்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. அதை நெருக்கித்தான் பதிப்பார்கள். சூளையில் வேகும் டைல்ஸ் வேறு ஜாதி. வேகும்போது சுருங்கும். ஒவ்வொன்றும் ஒரே அளவில் சுருங்கும் என்று உத்தரவாதம் கிடையாது. அரை மில்லிமீட்டர் முன்னே பின்னே இருக்கும். நெருக்கி ஒட்டினால் நாலாவது வரிசையில் கோடு கோணலாகிவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து வெயில். தரை விரிவடைய இடம் இல்லாவிட்டால் டைல்ஸ்கள் ஒன்றையொன்று நெட்டித் தள்ளும். ஒருநாள் மதியம் படார் என்று சத்தம் கேட்கும். ஹால் நடுவே இரண்டு டைல்ஸ் ஓட்டுக்கூரை கணக்காக எழும்பி நிற்கும். சிலிண்டர் வெடித்துவிட்டது என்று தெருவே ஓடிவந்த வீடுகள் உண்டு.

இதையெல்லாம் மேஸ்திரியிடம் வரிசையாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ரசமட்டத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அடுக்களையிலிருந்து மனைவியின் குரல் வந்தது: "கேப் விட்டே போட்டுடுங்க மேஸ்திரி. அவருக்கு வேற என்ன இருக்கு!"

"சரிங்கம்மா" என்றார் அவர். என் ராஜ்யம் அங்கீகாரம் பெற்றது இப்படித்தான். கேப்புக்கு அவர் தீக்குச்சியைச் செருகப் பார்த்தார். நான் கூட்டல் குறி வடிவத்தில் பிளாஸ்டிக் ஸ்பேசர் வாங்கி வந்து கொடுத்தேன்.

நிறம் என் இலாகாவில் வரும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். கடையிலிருந்து ஷேட் கார்டு வாங்கி வந்து, வெளிச்சத்தில் ஒருமுறை, டியூப்லைட்டில் ஒருமுறை என்று ஆராய்ந்துகொண்டிருந்தபோது மனைவி வந்து சாம்பல் நிறத்தில் விரலை வைத்தாள். "எப்படியும் கறுப்பாத்தான் ஆகப்போகுது. பாதி வழியிலேர்ந்து ஆரம்பிச்சுடலாம்." கிரவுட் நிறம் பற்றி இதைவிடத் தெளிவான கருத்தை நான் எங்கும் கேட்டதில்லை.

பொடி வாங்குவதற்கு முன் எவ்வளவு வாங்குவது என்று கணக்குப் போட்டேன். டைல்ஸின் நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, அவற்றின் பெருக்குத்தொகையால் வகுத்து, அதைச் சந்தின் ஆழத்தாலும் அகலத்தாலும் பெருக்கி, கடைசியில் பொடியின் அடர்த்திக்காக 1.6 ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 8 மில்லிமீட்டர் கனமுள்ள டைல்ஸுக்கு இது கால் கிலோ. எங்கள் தரைக்கு 600 கிராம் தாண்டாது. சேதாரம் சேர்த்து ஒரு கிலோ பாக்கெட் ஒன்று போதும். இந்தக் கணக்கை எழுதிய காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஹார்ட்வேர்ஸ் கடைக்குப் போனேன்.

"பாத்ரூமா சார்? அஞ்சு கிலோ போட்டுடட்டா?" என்றார் கடைக்காரர், தலை நிமிராமல்.

காகிதத்தை எடுத்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை. அவர் கவலை வேறு: ஒரு கிலோ வாங்குகிற ஆள் கேட்கும் கேள்விகள். மணல் கலந்ததா கலக்காததா என்று கேட்டேன். 3 மில்லிமீட்டர் வரை மணலில்லாத நைஸ் பொடி போதும். அதைவிட அகலமான சந்தில் வெறும் பொடியைப் போட்டால் இறுகும்போது சுருங்கி வெடிக்கும், மணல்தான் அதைத் தாங்கும். இதெல்லாம் எனக்கே தெரியும். தெரியும் என்பது அவருக்குத் தெரிய வேண்டும் என்றுதான் கேட்டேன். அவர் என்னைத் திசைதிருப்ப எபாக்ஸியை எடுத்து வைத்தார். ரெசின் ஒரு டப்பா, ஹார்டனர் ஒரு டப்பா, பொடி ஒரு பை. கலந்து போட்டால் மஞ்சள்தூள் கறைகூட ஒட்டாது, ஆசிட்டுக்கும் அசையாது. விலைதான் சாதாரணப் பொடியைப் போலப் பல மடங்கு. கலந்த நிமிஷத்திலிருந்து கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். நம்மூர் வெயிலில் இன்னும் வேகமாக இறுகும். மேஸ்திரிக்குப் போன் போட்டுக் கேட்டேன். "வேணாம் சார். அது டீ குடிக்க டைம் குடுக்காது."

கிளம்பும்போது கடைக்காரர், "இதப் போட்டீங்கன்னா லீக்கெல்லாம் நின்னுடும் சார்" என்று ஆசீர்வதித்தார். நிற்காது. சிமெண்ட் கிரவுட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு, தண்ணீர் மெதுவாக உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கும். நீர்க்கசிவைத் தடுப்பது டைல்ஸுக்கு அடியில் பூசுகிற வாட்டர்புரூஃபிங் பூச்சின் வேலை. படுக்கையறைச் சுவர் ஓதம் காத்தபோதெல்லாம் குளியலறைச் சந்தில் வெள்ளை சிமெண்ட் அப்பிவிட்டு, "வைத்தியம் பார்த்தாச்சு" என்று நிம்மதியாகத் தூங்கிய குடும்பம் எங்களுடையது.

இனி மேஸ்திரியின் முறையைச் சொல்ல வேண்டும். வெள்ளை சிமெண்டில் தாராளமாகத் தண்ணீர் விட்டுச் சிமெண்ட் பால் கரைப்பார். தரையில் ஊற்றுவார். விளக்குமாற்றால் தள்ளுவார். அது தானாகச் சந்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு கோணித் துணியால் ஒரு இழுப்பு. பார்க்க அழகான வேலை. கஷ்டம் என்னவென்றால், சிமெண்டோடு சேர்ந்து கல்லாவதற்குக் கொஞ்சம் தண்ணீர்தான் வேண்டும். மீதித் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். போகும்போது தான் இருந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டுப் போகும். அந்தக் காலி இடம்தான் துளை, விரிசல், அடுத்த வருஷத்து அழுக்கு. தண்ணீர் கூடக் கூட நிறமும் திட்டுத்திட்டாக வெளுக்கும்.

மேஸ்திரியை வழிக்குக் கொண்டுவர வரலாற்றை அழைத்தேன். 1824-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்பவர் போர்ட்லாண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கிய கதையைச் சொன்னேன். இன்று நாம் பூசுகிற சாம்பலும் வெள்ளையும் அந்த வம்சம்தான், சாம்பல் நிறம் இரும்பால் வருகிறது, இரும்பைக் குறைத்தால் வெள்ளை சிமெண்ட் என்றெல்லாம் விரிவாக எடுத்துரைத்தேன்.

"அவரு என்ன சார், இன்ஜினியரா?"

இங்கே நான் பொய் சொல்லியிருக்கலாம். "இல்ல... கொத்தனார். செங்கல் கட்டுறவர்."

மேஸ்திரியின் முகத்தில் ஒரு பெரிய அமைதி பரவியது. "பாத்தீங்களா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சித்தாளைத் திரும்பிப் பார்த்தார். வரலாற்றை இனி இந்த வீட்டில் யாருக்கும் எதிராகப் பயன்படுத்துவதில்லை என்று முடிவு செய்தேன்.

இருந்தாலும் சமரசம் ஒன்று ஏற்பட்டது. பொடி, கலக்கல், பூச்சு எல்லாம் அவர். தண்ணீர் மட்டும் நான். அரை சதுர அடி ராஜ்யத்துக்கு இது பெரிய வெற்றி.

தண்ணீர் என்றால் எந்தத் தண்ணீர்? எங்கள் குரோம்பேட்டை போர் தண்ணீரில் குளித்தால் தலைமுடி கம்பியாகும். அந்த உப்பு கிரவுட்டுக்குள் போனால், ஈரம் காயும்போதெல்லாம் மேலே வந்து வெள்ளையாகப் பூக்கும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 கூட, குடிக்கத் தகுந்த தண்ணீர் பொதுவாகக் கலவைக்குத் தகுந்தது என்கிறது. ஆகவே கேன் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போனேன். வழியில் மனைவி மறித்தாள்.

"அது குடிக்கிற தண்ணி."

"ஆமா. அதான்."

"நேத்து நீங்க குடிச்சது போர் தண்ணியக் காய்ச்சினது. கேன் தீந்துபோச்சுன்னு."

தரைக்குக் கேன் தண்ணீர், தலைவனுக்குக் காய்ச்சின தண்ணீர். நான் பதில் சொல்லாமல் நடந்தேன்.

பாக்கெட்டில் தண்ணீர் அளவு மில்லிலிட்டரில் போட்டிருந்தது. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நான் வாங்கியதில் கிலோவுக்கு 300 மில்லிக்குக் கொஞ்சம் மேலே. பேரனுக்கு இருமல் மருந்து கொடுக்கிற 10 மில்லி மூடியால் அளக்க உட்கார்ந்தேன். மாமியார் வந்து பார்த்தார். "எவ்ளோ வேணும் மாப்பிள்ளை?" சொன்னேன். அவர் உள்ளே போய்ப் பித்தளை ஆழாக்கைக் கொண்டுவந்தார். "ரெண்டு ஆழாக்கு. தலை தட்டி விடுங்க." ஒரு ஆழாக்கு 168 மில்லி. இரண்டு ஆழாக்கு 336. நான் பிறகு சரிபார்த்தேன், யாருக்கும் தெரியாமல்.

சட்டியில் முதலில் தண்ணீர், அதன்மேல் பொடி, இதுதான் வரிசை. பொடியைக் கொட்டிவிட்டு நடுவில் குழிபறித்துத் தண்ணீர் ஊற்றினால் அடியில் உலர்ந்த கட்டி ஒட்டிக்கொள்ளும். மேஸ்திரி இதற்கு ஒத்துக்கொண்டார். கையுறைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஈர சிமெண்ட் கடுமையான காரம். விரலிடுக்கில் புண் வைக்கும், நாள்பட்டால் தோலே வெடித்துப்போகும். அவர் கையைப் பார்த்தாலே தெரிந்தது. "கையுறை போட்டா பதம் தெரியாது சார்" என்று நான் கொடுத்த ஜோடியைப் பையில் வைத்துக்கொண்டார். ஆக, பொடியைத் தொடவே தொடாத நான் முழங்கை வரை ரப்பர் அணிந்து நிற்க, அவர் வெறுங்கையால் கலக்கினார். மெதுவாகக் கலக்க வேண்டும், வேகம் கூடினால் காற்றுக் குமிழ் நுழையும் என்று வாசற்படியிலிருந்து நான் அறிவித்தேன். அவர் ஏற்கெனவே மெதுவாகத்தான் கலக்கிக்கொண்டிருந்தார்.

கலந்ததும் கொஞ்ச நேரம், பத்து நிமிஷத்துக்குள், அப்படியே விட வேண்டும். பொடியிலிருக்கும் பாலிமர் முழுக்க நனைய அந்த அவகாசம். பிறகு மறுபடி ஒரு கலக்கு. அப்போது சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்க்கக் கூடாது. "ஏன் சார், தூங்குதா அது?" என்றார் மேஸ்திரி. நாங்கள் நால்வரும் சட்டியைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் விரலால் தொட்டுப் பார்த்து, "கெட்டியா இருக்கு. இன்னும் ஒரு கை தண்ணி வுடுங்க" என்றார். மாட்டேன் என்றேன். பாக்கெட்டின் பின்பக்கத்தை உரக்கப் படித்துக் காட்டினேன். "எழுதினவன் வந்து பூசுவானா?" என்றார். பேச்சுவார்த்தை முறியும் கட்டத்தில் மாமியார் குனிந்து கரண்டியைச் சட்டியில் விட்டு, எடுத்து, தலைகீழாகக் கவிழ்த்தார். கலவை விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"வடை மாவுப் பதம். இதுல போயி தண்ணி ஊத்துவாங்களா?"

"அம்மா சொன்னா சரி" என்று மேஸ்திரி உடனே வேலையைத் தொடங்கிவிட்டார். பாக்கெட்டில் அச்சடித்திருந்ததும், அரை மணி நேரமாக நான் தொண்டை கிழியச் சொன்னதும் அதே விஷயம்தான். பாக்கெட்டுக்கும் எனக்கும் வடை சுட்ட அனுபவம் இல்லை.

அதன் பிறகு நடந்ததைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இல்லை, பார்க்க மட்டுமே இருந்தது. பழைய ஹவாய் செருப்பிலிருந்து வெட்டிய ரப்பர் துண்டால் அவர் கலவையை இழுத்த விதம்! சந்தின் போக்கிலேயே இழுத்தால் ரப்பரின் விளிம்பு உள்ளே இறங்கி, போட்டதைத் தோண்டிவிடும். 45 டிகிரி சாய்வில் இழுக்க வேண்டும் என்று நான் படித்திருந்தேன். அவர் கை டிகிரி எதையும் விசாரிக்காமல் சாய்வாகவே போயிற்று. சந்துகளை முன்னதாக ஈரத்துணியால் ஒற்றிவைத்திருந்தார், உலர்ந்த விளிம்பு கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடாமல் இருக்க. வழுக்காத டைல்ஸின் சொரசொரப்பில் பொடி அப்பிக்கொள்ளும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகப் பூசி, சந்தில் இருப்பது விரலில் ஒட்டாத நேரம் பார்த்து, பிழிந்த ஸ்பாஞ்சால் துடைத்தார். சீக்கிரம் துடைத்தால் கிரவுட் பெயர்ந்து வரும், தாமதித்தால் டைல்ஸ் மேலேயே கல்லாகிவிடும். அந்த நேரம் எந்தப் பாக்கெட்டிலும் போட்டிருக்கவில்லை. சுவரும் தரையும் சேரும் மூலையை மட்டும் விட்டுவைத்தார். அங்கே அசைவு இருக்கும், சிமெண்ட் வெடிக்கும், சிலிகான்தான் சரி. அதையும் நான் சொல்வதற்கு வாயைத் திறந்தபோது அவரே சிலிகான் குழாயைக் கேட்டார்.

இரவு ஒரு சண்டை. சீக்கிரம் காயட்டும் என்று மனைவி டேபிள் ஃபேனைக் குளியலறை வாசலில் வைத்திருந்தாள். "காயக் கூடாது!" என்று அலறினேன். சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. ஈரம் போய்விட்டால் பாதியில் நின்றுபோகும். ஃபேனை அணைத்துவிட்டு, செடிக்குத் தெளிக்கிற ஸ்பிரேயால் சந்துகளுக்குப் பன்னீர் தெளித்தேன். "எப்ப உள்ள போலாம்?" என்று மாமியார் கேட்டார். 24 மணி நேரத்தில் நடக்கலாம், முழு பலம் வர 28 நாள் ஆகும் என்றேன். அவர் காதில் விழுந்தது 28 மட்டும். மறுநாள் காலை பெரிய மச்சானுக்குப் போன் போய்விட்டது: "மாப்பிள்ளை பாத்ரூம ஒரு மாசத்துக்குப் பூட்டிட்டாரு."

சில வாரம் கழித்து மேஸ்திரி ஒருவரை அழைத்துக்கொண்டு வந்தார். புதிதாக வேலை கொடுக்கப்போகிறவர். மாதிரி பார்க்க வந்திருக்கிறார். நான் கதவருகே நின்றேன். மேஸ்திரி தரையில் குந்தி உட்கார்ந்து, சந்தின் மேல் விரலை ஓட்டிக் காட்டினார். "3 எம்எம் கேப் சார். கேப் இல்லாம போட்டா வெயிலுக்குத் தூக்கிடும். தண்ணி கரெக்ட் அளவு, அதுவும் கேன் தண்ணி. கலந்து பத்து நிமிஷம் தூங்க வுடணும். ஆசிட் கிட்டயே வரக் கூடாது. இதக் கண்டுபிடிச்சதே லீட்ஸ்ங்கற ஊர்ல ஒரு கொத்தனாரு, 1824-ல."

வந்தவர் அசந்துபோனார். பிறகு என்னைக் கவனித்து, "இவரு?" என்றார்.

"வீட்டுக்காரரு சார்" என்றார் மேஸ்திரி, பெருந்தன்மையாக. "தண்ணி இவருதான் ஊத்தினாரு."